வளைவு வாளை ஆகாமல் பாட்டை ஊர் மாற்றுவது

சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுகிற யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் சேலத்தில் இரண்டு கருத்துகள் உடனே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒன்று, "இங்கயே இருந்தா ஒண்ணும் நடக்காதுங்க, மெட்ராஸ் இல்லன்னா பெங்களூர் போயிடணும்." இன்னொன்று, "மொதல்ல ஒரு பாணியப் புடிங்க. இன்னைக்கு நாட்டுப்புறம், நாளைக்கு ப்ளூஸ், நாளன்னைக்கு ராப்புன்னு பாடினா ஆளு யாருன்னே தெரியாது." முதலாவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. இரண்டாவதுதான் நெடுநாளாக உறுத்துகிறது. சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஊர் ஊராகப் போய், போகிற இடத்துப் பாணியில் பாட்டைப் போட்டு, பாட்டும் கெட்டு ஆளும் தேய்ந்து திரும்பியவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நோய் உண்மை. காரணம் என்று அவர்கள் காட்டுவதுதான் தப்பு என்பது என் கட்சி.

முதல் கருத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். சேலத்திலிருந்து பெங்களூரு 200 கிலோமீட்டர், கோவை அதைவிடக் கிட்டே, சென்னையும் கொச்சியும் சுமார் 350 கிலோமீட்டருக்குள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் சென்ட்ரல். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாலு திசைக்கும் போய்வர இதைவிட நல்ல நடு ஊர் தமிழ்நாட்டில் குறைவு. இசைக்கு இந்த ஊர் புதிதும் இல்லை. ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிற, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமாக் கம்பெனியின் முகப்பு வளைவைக் கடந்துதான் தினமும் பஸ் போகிறது. டி.ஆர். சுந்தரம் அங்கே எடுத்த படம்தான் 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமாகப் போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956-இல் அதே நிறுவனத்திலிருந்து வந்ததுதான். பாடுகிறவர்களும் வாத்தியக்காரர்களும் சேலத்துக்கு ரயிலேறி வந்த காலம் ஒன்று உண்டு.

இப்போது பாணி. பாணி மாறுவதால் பாட்டு கெடுவதில்லை. மாற்றுகிறபோது சொல்லின் நீளம் உடைகிறது, அதனால் கெடுகிறது. தமிழில் குறிலை நீட்டினால் அது வேறு சொல். நெடிலைக் குறுக்கினாலும் அப்படியே. ஆங்கிலப் பாட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இந்த அளவு இல்லை. அவர் ஒரு உயிரொலியை நாலு தட்டுக்கு இழுத்தாலும் சொல் அதேதான். அவர்கள் பாணிகளை நாம் எடுத்துக்கொள்ளும்போது அந்தச் சுதந்திரமும் கூடவே வருவதாக நினைத்துக்கொள்கிறோம். வராது.

நாலு வரி

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. அதனால் நாலு வரியை வைத்துக்கொண்டு நாலு ஊர் போய்வருவோம். இந்தக் கட்டுரைக்காகவே கட்டிய வரிகள், பெரிய கவிதை இல்லை:

கொண்டை ஊசி வளைவிலே
குளிரு ஏறி வருது மேல
காப்பிப் பூவு வாசம் வந்து
கதவு தட்டிப் பேரு சொல்லும்

பிறந்த இடம் பம்பை என்று வைத்துக்கொள்வோம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பக்கம் போனால் காதில் விழுகிற, வெண்கலமும் மரமுமாக இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டி ஒரு பக்கம் குச்சியாலும் ஒரு பக்கம் கையாலும் அடிக்கிற அந்தப் பம்பை. நடை திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாக ஓடுவது. கிட்டார்க்காரர்கள் 6/8 என்பார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்று வாங்கிய குறிலுக்கும் இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். 'கொண்-டை' மூன்று. 'ஊ-சி' மூன்று. 'வ-ளை-வி' மூன்று. 'லே' இழுத்து மூன்று. ஆக 12. அடுத்த வரி: 'கு-ளி-ரு', 'ஏ-றி', 'வ-ரு-து', 'மே-ல'. மறுபடியும் 12. மூன்றாவதும் நாலாவதும் அப்படியே வரும். 'டை', 'ளை' இரண்டும் சொல்லின் முதலில் வராத ஐகாரம் என்பதால் குறுகி ஒன்றாகும். 'பிப்', 'சம்', 'லும்' போல ஜோடியின் பின்பாதியில் வரும் அசைகள் ஒற்று வாங்கியிருந்தாலும் வேகத்தில் ஒன்றாக நழுவிவிடும். அதனால் பொருள் கெடாது, விட்டுவிடலாம்.

இதைத் தத்தகாரமாக, அதாவது சொல்லின் நீளத்தை மட்டும் காட்டும் 'தந்த தான' ஓசையாக, எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை. முதல் வரி 'தந்த தான தனனனா', இரண்டாவது 'தனன தான தனன தான'. மெட்டுக்குப் பாட்டெழுதுகிறவர்கள் தினமும் செய்கிற காரியம்தான் இது. திருப்புகழில் சந்தத்தை மேலே போட்டுவிட்டுப் பாட்டைக் கீழே அச்சடிப்பதும் இதற்காகத்தான். ஆனால் கிட்டாரோடு பாடுகிறவர்களின் நோட்டுகளில் வரிக்கு மேலே கார்டு (சேர்த்து மீட்டும் ஸ்வரக்கூட்டு) இருக்கும், தத்தகாரம் இருக்காது. ஊர் மாறும்போது கார்டு மாறிவிடும். மாறாமல் வரவேண்டியது எதுவோ அதுதான் எழுதப்படாமல் இருக்கிறது.

பெங்களூருக்கு ஏற்றும்போது உடைவது

பெங்களூருக்குப் போகிற முதல் வடிவம் பெரும்பாலும் ஃபோக் ராக்தான். அதற்கான காது அந்த ஊரில் பழகியிருக்கிறது. சிசுநாள ஷரீஃபின் கன்னடப் பதங்களை ரகு தீட்சித் கிட்டாரோடு மேடையேற்றிக் கேட்டவர்கள் அவர்கள். சொல் புரியாவிட்டாலும் நடை புரிந்தால் போதும் என்று உட்கார்ந்து கேட்பார்கள். நடை 4/4, அதாவது நாலு நாலு தட்டாக ஓடுவது. இந்த இடத்தில்தான் பாட்டு உடைகிறது. நிதானமாகவே பார்ப்போம்.

நாலு தட்டு இருக்கிறது, வரியில் நாலு துண்டு இருக்கிறது. கை தானாகச் செய்வது என்ன? தட்டுக்கு ஒரு துண்டு. கொண்டை, ஊசி, வளைவி, லே. இரண்டு அசைத் துண்டுகள் தட்டைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும். 'ஊசி' சரிபாதி ஆனதும் 'உசி' ஆகிவிடும். மூன்று அசைத் துண்டுகள் இன்னும் மோசம். ஒரு தட்டில் மூன்று அசை அடங்க வேண்டும் என்றால் முதல் அசை பாதித் தட்டை எடுத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் மீதிப் பாதியைப் பங்கிட்டுக்கொள்ளும். 'வளைவு' இப்போது 'வாளைவு'. ஏற்காடு மலைப்பாதையில் மேட்டூர் வாளை மீன் துள்ளுகிறது. 'குளிரு' கூளிரு, 'வருது' வாருது, 'கதவு' காதவு. பாடுகிறவருக்கு இது தெரியாது; அவர் மனத்தில் சரியான சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவர் தமிழர் என்றால் எங்கேயோ நெருடும். எது என்று சொல்லத் தெரியாமல், "பாட்டு ஒட்டல, இவருக்கு நாட்டுப்புறந்தான் வரும்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். இரண்டாவது கருத்து பிறக்கும் இடம் இதுதான்.

சரிசெய்ய, தட்டுக்கு ஒரு துண்டு என்பதை விட்டுவிட வேண்டும். நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார்; அதில் அரைத்தட்டுகள் எட்டு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற பழைய கணக்கையே அப்படியே கொட்டுங்கள். 'கொண்-டை' மூன்று, 'ஊ-சி' மூன்று, 'வ-ளை' இரண்டு. 3+3+2, எட்டு சரியாக நிறைந்தது. அடுத்த பாரின் முதல் அரைத்தட்டில் 'வி', பிறகு 'லே' நாலு எண்ணிக்கை நிற்கும், மீதி மூன்றில் 'கு-ளி-ரு' முன்கூட்டியே கிளம்பிவிடும். மூன்றாவது பாரின் தலைத்தட்டில் விழுவது 'கு' இல்லை, 'ஏ'. கனமான தட்டில் நெடில். பிறகு 'றி', 'வ-ரு-து', கடைசி இரண்டில் 'மே'. நாலாவது பாரின் முதலில் 'ல' என்று தொட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும். இழுத்தால் 'மேலா'. மீதி ஏழு எண்ணிக்கை கிட்டாருக்கும் மூச்சுக்கும்.

ஐந்தாவது பார்: 'காப்-பி', 'பூ-வு', 'வா'. ஆறாவது: 'சம்', 'வந்-து', ஒன்று சும்மா விட்டு 'க-த-வு'. ஏழாவது: 'தட்-டி', 'பே-ரு', 'சொல்'. எட்டாவதில் 'லும்'. அந்த 'ம்'மை வாய் மூடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முனகலாம், சொல் மாறாது. எட்டு பாரில் நாலு வரி முடிந்தது, ஒரு குறிலும் நீளவில்லை.

பழகுவதற்கு வாத்தியமே வேண்டாம். தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, கால் நாலு தட்டையும் வைக்கட்டும், வாய் 'தகிட தகிட தக' சொல்லட்டும். காலும் வாயும் ஒன்றையொன்று இழுக்காமல் ஓட ஆரம்பித்ததும் 'தகிட'வின் இடத்தில் 'கொண்டை'யை வையுங்கள். பிறகு 80, 100, 120. கிட்டாரில் எட்டு அரைத்தட்டுக்கும் கை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும்; அழுத்தம் மட்டும் 1, 4, 7-இல்.

குழுவோடு சேரும்போது இன்னொரு பொறி இருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர் வழக்கம்போல இரண்டாம், நாலாம் தட்டில் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை அடிப்பார். எண்ணிப் பார்த்தால் அது 'டை'யின் தலையிலும் 'வ'வின் தலையிலும் விழும். ஓங்கி அடித்த அசையை நீட்டச் சொல்லித்தான் தொண்டை கேட்கும். அதனால் பாட்டு ஓடும்போது ஸ்னேரை விளிம்பில் தட்டச் சொல்லுங்கள். பேஸ் கிட்டாரை 1, 4, 7-இல் நிற்கச் சொல்லுங்கள். பேஸ் 'கொண்', 'ஊ', 'வ' மூன்றையும் தாங்கிக்கொண்டால் பாடுகிறவருக்கு வேறு யாரும் வழிகாட்ட வேண்டாம். ஒத்திகையில் மெட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில் பேஸ் வாசிப்பவருக்கு இந்த மூன்று எண்ணைச் சொன்னால் போதும்.

வேகமும் கவனிக்க வேண்டியது. பம்பையோடு நிமிடத்துக்கு 126 என்ற வேகத்தில் இந்த நாலு வரி ஏழரை நொடியில் முடிந்துவிடும். 4/4-இல் 120 வைத்தால் 16 நொடி. ஒரே பாட்டுக்கு இருமடங்கு மூச்சு வேண்டும். 'வளைவிலே' முடிந்து 'குளிரு' கிளம்புவதற்கு இடையில் மூச்சு எடுக்கத் திட்டம் போட்டிருந்தால், அங்கே இடமே இல்லை என்பது மேடையில்தான் தெரியும். 'லே'யைக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டிக்கொள்ள வேண்டும்.

ப்ளூஸ் எளிது, ராப் இன்னும் எளிது

பலர் நினைப்பதற்கு நேர்மாறு இது. திஸ்ர நடைப் பாட்டுக்கு ப்ளூஸ் சொந்தக்காரர் வீடு. ப்ளூஸின் ஷஃபிள் நடை என்பது தட்டை மூன்றாகப் பிரித்து நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று போவது. 'கொண்-டை, ஊ-சி' அப்படியே உட்காரும். 12/8-இல் ஒரு பாருக்கு 12 எண்ணிக்கை, நம் வரியும் 12. பன்னிரண்டு பார் கட்டமைப்பில் முதல் இரண்டு வரியை முதல் இரண்டு பாரில் பாடி, அடுத்த இரண்டைக் கிட்டாருக்கு விடுங்கள். டி செவன் கார்டில் தொடங்கியது ஐந்தாவது பாரில் ஜி செவனுக்குப் போகும்போது அதே இரண்டு வரியை மறுபடி பாடுங்கள். ஒன்பதாவது பாரில் ஏ செவன் வரும்போது 'காப்பிப் பூவு', பத்தாவதில் ஜி செவனோடு 'கதவு தட்டி', கடைசி இரண்டு பார் டி செவனுக்குத் திரும்பிக் கிட்டார் பதில் சொல்லும். நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு சுற்று 48 நொடி.

மெட்டு சுத்த தன்யாசி ராகத்தில் இருந்தால் ஸ்வரமும் பொருந்தும். ப்ளூஸ்காரர்கள் மைனர் பென்டடானிக் என்று சொல்வது அதே ஐந்து ஸ்வரம்தான். கீழே ஓடுகிற செவன்த் கார்டில் பெரிய காந்தாரமும் மேலே நம் குரலில் சின்ன காந்தாரமும் உரசுமே, அந்த உரசலைத்தான் ப்ளூஸ் வேண்டுமென்றே வைத்திருக்கிறது. பயந்துபோய்த் திருத்தக் கூடாது. கெடுவது வேறு இடத்தில். இந்த வேகத்தில் ஒவ்வொரு எண்ணிக்கையும் மூன்றில் ஒரு நொடி நீளம். குறிலை அத்தனை நேரம் பிடித்தால் அது நெடிலாகத்தான் கேட்கும். 'கு', 'ளி', 'ரு' மூன்றையும் தொட்டுத் தொட்டு விட வேண்டும், நடுவில் மௌனம் விட வேண்டும். மெதுவாகப் பாடுவது என்றால் இழுத்துப் பாடுவது என்று நினைத்தால் தமிழ் ப்ளூஸ் வராது.

எதிர்த் திசையில் நடந்தவர் பாடகி சுசீலா ராமன். 1973-இல் லண்டனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, ப்ளூஸும் ஃபங்க்கும் பாடி, லண்டனுக்குத் திரும்பி, 2001-இல் வந்த முதல் தொகுப்பிலேயே கர்நாடக உருப்படிகளை வேறு உடையில் கொண்டுவந்தவர். அது பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசுக்கான பட்டியலில் இடம்பெற்றது. பிறகு முருகன் பாடல்கள் பக்கம் போனார். இத்தனை ஊர் சுற்றியும் ஆள் யார் என்பது குழம்பவில்லை. சுதி, தாளம், வாத்தியம் எல்லாம் மாறினாலும் பக்திப் பாட்டின் சந்தத்துக்குள் நின்று பாடும்போது அந்தக் குரலுக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. முழுவதும் ரசித்தேன் என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் உச்சரிப்பு எனக்கு நெருடும். ஆனால் "ஒரு பாணியப் புடிங்க" என்பவர்களுக்குக் காட்ட நல்ல உதாரணம்.

சென்னையில் 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. அதற்குப் பிறகு அங்கே தமிழ் ராப்பை விளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நம் நாலு வரியை ராப்பாக்க, பெங்களூரில் போட்ட அதே 3+3+2-ஐ அரைத்தட்டிலிருந்து கால்தட்டுக்கு இறக்கினால் போதும். எட்டு பார் நாலு பாராகச் சுருங்கும். நிமிடத்துக்கு 95 வைத்துக் கணக்குப் பாருங்கள்: ஒரு குறிலுக்கு ஏறக்குறைய 0.16 நொடி. பம்பையோடு 126-இல் பாடியபோதும் குறிலுக்கு அதே 0.16 நொடிதான். ஃபோக் ராக்கிலும் ப்ளூஸிலும் நிதானப்பட்ட சொல், ராப்பில் மாரியம்மன் கோயில் வேகத்துக்கே திரும்பிவிடுகிறது. ராப் நமக்கு அந்நியம் என்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ராப்பில் தகராறு இயைபில் வரும். கேட்டுப் பழகிய காது வரிக் கடைசியில் ஓசை ஒன்றுவதை எதிர்பார்க்கும். நம் வரிகளில் ஓசை ஒன்றுவது தலையில்: கொ, கு, கா, க. உடனே கடைசிச் சொற்களை மாற்றி எழுத உட்கார்ந்துவிடுவார்கள், வரி செத்துவிடும். அதற்குப் பதில் வரித் தலையைக் கிக் டிரம்மோடு சேருங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பீட்டை அரைத்தட்டு நிறுத்திவிட்டால் 'க' வரிசை காதில் பளிச்சென்று விழும். மோனைக்குக் கொடுக்க வேண்டிய வெளிச்சம் அது.

கொச்சி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவியல் குழு மலையாள வரிகளை ராக்கில் பாடிக் காதைத் திறந்துவைத்த ஊர், தமிழும் அவர்களுக்குப் புரியும். ரெகே போட்டால் கிட்டார் அரைத்தட்டில் மட்டும் வெட்டும். அதே 3+3+2 அதிலும் செல்லும். வேகம் 75-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கட்டையும் கேப்போவும்

திறந்தவெளியில் மேளத்தை மீறிப் பாடுகிற ஆண்குரல் சுருதியில் 4 கட்டைக்குக் குறையாது. அதே ஆள் பெங்களூரில் அறுபது பேர் உட்காரும் அறையில், உதட்டுக்கு நாலு விரல் தள்ளி மைக் இருக்கும்போது 4 கட்டையில் பாடினால் சண்டை போடுவதுபோல் இருக்கும். 2 கட்டைக்கு இறக்க வேண்டும். கிட்டாரில் 2 கட்டை என்பது டி, 4 கட்டை என்பது எஃப். டி வடிவங்களிலேயே பழகிக்கொண்டால் அறைக்குக் கேப்போ இல்லாமல், மைதானத்துக்கு மூன்றாம் ஃப்ரெட்டில் (விரற்பலகையின் மூன்றாம் கட்டத்தில்) கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி. விரல் எதுவும் மாறாது. 6-ஆவது, 2-ஆவது, 1-ஆவது கம்பிகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கிவிட்டால் கம்பிகள் ச-ப-ச-ம-ப-ச என்று நிற்கும். சுத்த தன்யாசிக்கு இதைவிடத் தோதான சுருதி கிட்டாரில் கிடையாது, பெரிய காந்தாரம் தவறியும் நுழையாது. ஆனால் அதே மேடையில் அடுத்து ப்ளூஸ் என்றால் கம்பிகளைத் திருப்பி ஏற்ற இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும். பேச்சு வராதவர்கள் அந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைக்க வேண்டாம்.

மலையேறும் கிட்டார்

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் வெயில் எட்டு டிகிரி குறையும், ஈரப்பதம் ஏறும். குளிர்ந்த எஃகுக் கம்பி சுருங்கி இழுபடும். ஈரம் குடித்த மரம் உப்பிக் கம்பியை மேலே தள்ளும். இரண்டுமே சுருதியை ஒரே பக்கம், மேலே, தள்ளுகின்றன. மே மாதக் கோடை விழா மேடைக்குச் சேலத்தில் சுருதி சேர்த்துக்கொண்டு போனால் மேலே போய்க் கால் கட்டை வரைகூட ஏறி நிற்கும். பெட்டியை மூடியபடியே அரைமணி நேரம் வைத்திருந்து பிறகு திறந்தால் மரம் நிதானப்படும். அவசரப்பட்டுத் திறந்து சுருதி சேர்த்தால் இரண்டாம் பாட்டில் மறுபடி ஓடிவிடும். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ், சுருதி இறங்கும்.

கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அது கிடைக்காது. மேல்பலகை உப்பி, கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்து, விரல் வலிக்கும், சத்தம் மந்தமாகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பங்குனி, சித்திரையில் சேலத்தில் நேர்மாறான சிக்கல்: விரற்பலகை காய்ந்து சுருங்கி ஃப்ரெட்டின் முனை கையைக் கீறும், கம்பி இறங்கி இரையும். அப்போது ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்ச் வைத்துப் பெட்டிக்குள் போடுங்கள். சொட்டுகிற அளவுக்கு நனைத்தால் பிரிட்ஜ் பிய்ந்துகொள்ளும். உடுக்கைக்காரர்கள் இவ்வளவு யோசிப்பதில்லை. இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறார்கள், தோல் தொய்ந்தால் அனலில் காட்டுகிறார்கள். கிட்டாரை அனலில் காட்ட முடியாது என்பதுதான் வித்தியாசம்.

தறிச் சத்தத்துக்கு நடுவே

சேலத்தின் தறிப் பகுதிகளான அம்மாபேட்டையிலோ குகையிலோ வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவருக்கு விசைத்தறி பெரிய எதிரி. தறியில் நாடா அடிக்கிற சத்தம் கீழ் அதிர்வில் மட்டும் இருந்தால் வடிகட்டி போட்டு எடுத்துவிடலாம். அது மேல்வரைக்கும் பரவிய சத்தம், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாலும் 'டக்' மிச்சம் இருக்கும். கண்டென்சர் மைக் தெருவையே வீட்டுக்குள் கொண்டுவரும். மேடையில் பாடுகிற சாதாரண டைனமிக் மைக்கை எடுத்து, அதன் முதுகு தறி இருக்கும் திசையைப் பார்க்கும்படி வைத்து, நாலு விரல் தூரத்தில் பாடுங்கள். முட்டை அட்டை சுவரில் ஒட்டுவது வீண்வேலை. அது தெருச் சத்தத்தைத் தடுக்காது. பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்ட பஞ்சு மெத்தை அறை எதிரொலியையாவது உறிஞ்சும். மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும், சித்திரையில் விடியுமுன் பாடுவதைத் தவிர வழியில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சக் குரல் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோம் காதில் ஓடட்டும். பாணி மாற்றும்போது குரல் தடத்தை மறுபடி பயன்படுத்த ஆசை வரும். ஆனால் திஸ்ரத்தில் பாடிய குரலை 4/4-க்குள் மென்பொருள் வைத்து இழுத்து ஒட்டினால் முன்னே சொன்ன வாளை மீன்தான். புதிதாகப் பாடுங்கள்.

வெளியிடும்போது இந்த வேறுபாடு காகிதத்திலும் வரும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஒரு ஐ.எஸ்.ஆர்.சி. எண், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12. பம்பை வடிவத்துக்கு வாங்கியதையே ப்ளூஸ் வடிவத்துக்கும் போட்டால் இரண்டின் கணக்கும் குழம்பும். நாலு வடிவம் என்றால் நாலு எண். ஆனால் பாடலாசிரியர்களுக்கும் மெட்டமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் படைப்பாகப் பதிவது ஒரே பாட்டு. வரியும் மெட்டும் ஒன்றுதானே. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய ராயல்டி பங்கை ஒப்பந்தம் போட்டு மொத்தமாக எழுதி வாங்கிவிட முடியாது. பெங்களூரில் உடன் வாசித்த குழு "நாங்களும் சேந்துதானே பண்ணோம்" என்று பின்னாளில் சொல்லக்கூடும். அதனால் ஒத்திகை முடிந்த அன்றே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, இந்த ஒலிப்பதிவில் யாருக்கு எத்தனை சதவீதம். அதே தாளின் பின்பக்கம் தத்தகாரத்தையும், கட்டையையும், கேப்போ இடத்தையும், வேகத்தையும், பேஸ் நிற்கும் மூன்று எண்களையும் எழுதி கிட்டார்ப் பெட்டிக்குள் போட்டுவைத்தால், அடுத்த ஊரில் புதுக் குழுவோடு உட்காரும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.